பிலிப்பைன்ஸ் வாங்கும் கப்பலும் விமானமும்: எது முதலில், எது பிறகு

கேள்வி கேட்ட நண்பர் சொல்வது இதுதான்: பிலிப்பைன்ஸ் இந்தியாவிடம் பிரம்மோஸ் ஏவுகணை வாங்குகிறது, கொரியாவிடம் கப்பலும் போர் விமானமும் வாங்குகிறது, அடுத்து நீர்மூழ்கியும் வேண்டும் என்கிறது. எதை வாங்கினாலும் சீனாவோடு மோதி ஜெயிக்க முடியாது என்றால், அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே? நியாயமான கேள்வி. ஆனால் ஜெயிப்பதா தோற்பதா என்று கேட்டால் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும். அவர் உண்மையில் கேட்பது வேறொன்று என்று நினைக்கிறேன். கையில் இருப்பது கொஞ்சப் பணம், காக்க வேண்டியது பெரிய கடல் என்னும் நிலையில் உள்ள ஒரு நாடு எதை முதலில் வாங்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். நான் கப்பல் பொறியாளர். வேலை செய்த காலத்தின் பெரும்பகுதி கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் கழிந்தது. கடலோரக் காவற்படைக் கப்பல்களும் அரசுக் கப்பல்களும் டிரை டாக்குக்கு, அதாவது கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்துக்கு வரும்போது எஞ்சின் ஓவர்ஹால், உதிரிபாகத் திட்டமிடல் இரண்டும் என் பொறுப்பு. அதனால் ஒரு கப்பல் துறைமுகத்தில் ஏன் முடங்கிக் கிடக்கிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். போர் வந்தால் எந்த ஏவுகணை எதை அடிக்கும் என்பதில் எனக்குப் பயிற்சி இல்லை. அந்தப் பக்கம் வரும் இடங்களில் வெளியே பலரும் அறிந்த தகவலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில், இந்த நாடு இவ்வளவு பின்தங்கியது எப்படி என்று பார்க்க வேண்டும். 1991 வரை பிலிப்பைன்ஸுக்குத் தன் கடலையும் வானையும் தானே காக்க வேண்டிய அவசரம் இருக்கவில்லை. சுபிக் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படை இருந்தது, கிளார்க்கில் அமெரிக்க விமானப்படை இருந்தது. நாட்டின் சொந்தப் படைகள் உள்நாட்டுக் கிளர்ச்சிகளோடு சண்டை போடுவதற்காக வளர்ந்தவை. அதாவது தரைப்படைதான் மூத்த பிள்ளை. 1991 ஜூனில் பினடுபோ எரிமலை வெடித்து கிளார்க் தளம் சாம்பலில் மூடியது. அதே செப்டம்பரில் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை செனட் 12-க்கு 11 என்ற கணக்கில் நிராகரித்தது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கக் கப்பலும் சுபிக்கை விட்டுப் போனது. தன்மானத்தோடு எடுத்த முடிவு என்று இன்றும் அதை மதிப்பவர்கள் உண்டு, நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனவர்களின் இடத்தை நிரப்ப எதுவும் தயாராக இல்லை. 1995-இன் தொடக்கத்தில் பலவான் தீவுக்கு மேற்கே மிஸ்சீஃப் திட்டில் சீனா கட்டுமானம் எழுப்பியிருப்பது தெரியவந்தது. அதே பிப்ரவரியில் ஃபிடல் ராமோஸ் அரசு 15 ஆண்டுக்கான படை நவீனமயச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி அந்நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பை உடைத்தது. கப்பலும் விமானமும் டாலரில் விற்பவை, வரி வசூல் பெசோவில். திட்டம் காகிதத்தோடு நின்றது.

விளைவைக் கண்ணால் பார்க்கும்படி இருந்தது. 2005-இல் எஃப்-5 விமானங்கள் ஓய்வு பெற்றபின், ஒலியை விட வேகமாகப் பறக்கும் ஒரு போர் விமானம்கூட அந்த நாட்டிடம் பத்து ஆண்டுகள் இல்லை. கடற்படையின் பெரிய கப்பல்களில் ஒன்றாக இருந்த ராஜா ஹுமாபோன் 1943-இல் அமெரிக்காவுக்காகக் கட்டப்பட்டு, பிறகு ஜப்பானில் ஓடி, அதன்பின் பிலிப்பைன்ஸுக்கு வந்தது. 2018 வரை அது பணியில் இருந்தது. அதைக் கேலி செய்யும் எழுத்துகளை இணையத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுபது வருடம் கடந்த எஞ்சினை ஓட வைத்த மெக்கானிக்குகளின் உழைப்பு எப்படிப்பட்டது என்று அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். சந்தையில் கிடைக்காத பாகத்தைப் பட்டறையில் கடைந்து எடுத்து மாட்டியிருப்பார்கள்.

கதையின் அடுத்த பகுதி 2011-இல் தொடங்குகிறது. அந்த மார்ச்சில் ரீட் திட்டு அருகே எண்ணெய், எரிவாயு தேடிக்கொண்டிருந்த ஆய்வுக் கப்பலைச் சீனப் படகுகள் விரட்டின. பெனிக்னோ அக்கினோ அரசு, பலவானுக்கு அருகிலுள்ள மலாம்பாயா எரிவாயு வயலின் வருமானத்திலிருந்து பணம் எடுத்து, அமெரிக்கக் கடலோரக் காவற்படை கழித்த ஹாமில்டன் கப்பலை வாங்கியது. 1967-இல் பணியில் சேர்ந்த கப்பல் அது. கிரெகோரியோ டெல் பிலார் என்று புதுப் பெயர் வைத்தார்கள். கடலின் வருமானத்தில் கடலுக்குக் காவல் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஆனால் பட்ஜெட்டில் வேறு வழி இல்லை என்பதையும் அது காட்டியது. 2012 ஏப்ரலில் ஸ்கார்பரோ திட்டில் சீன மீன்பிடிப் படகுகளைச் சோதிக்கப் போனது இதே கப்பல்தான். மீனவரைப் பிடிக்கப் போர்க்கப்பலை அனுப்பியதாகக் குற்றம் சாட்டச் சீனாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. சில நாளில் போர்க்கப்பலை எடுத்துவிட்டுக் காவற்படைக் கப்பலை நிறுத்தினார்கள். சீனத் தரப்பு அங்கிருந்து நகரவில்லை, அந்தத் திட்டின் கட்டுப்பாடு அன்றோடு கைமாறியது. 2016 ஜூலையில் இந்தக் கடல் தகராறில் சர்வதேச நடுவர் மன்றம் பெரும்பாலும் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, ஆனால் கடலில் நிலைமை மாறவில்லை.

பழைய கப்பல் வாங்குவதைப் பற்றிப் பலர் தவறாக நினைப்பதால் ஒன்று சொல்கிறேன். ஓசியில் வரும் கப்பல் மலிவு இல்லை. உறவுக்காரர் பழைய லாரியைச் சும்மா கொடுத்தாலும் டீசலும் டயரும் நாம்தான் போட வேண்டும். ஹாமில்டன் வகைக் கப்பலில் டீசல் எஞ்சினோடு கேஸ் டர்பைனும் உண்டு. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஸ்பேர். கொடுக்கும் நாடு முக்கியமான ஆயுதங்களையும் கழற்றிக்கொண்டுதான் கொடுக்கும், இந்தக் கப்பல்களிலிருந்தும் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும் தானியங்கிப் பீரங்கியை எடுத்துவிட்டார்கள். டெல் பிலார் 2018-இல் பலவானுக்கு மேற்கே ஹசாஹசா திட்டில் தரைதட்டியது. அதன் சகோதரிக் கப்பல் ராமோன் அல்காராஸ் 2020-இல் மேற்காசியாவில் தவித்த பிலிப்பினோ தொழிலாளர்களை அழைத்துவரப் போய்விட்டு, திரும்பும் வழியில் கொச்சியிலிருந்து கிளம்பியதும் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. மறுபடி கொச்சிக்கே வந்து இந்தியக் கடற்படையின் உதவியோடு சரிசெய்துகொண்டு போனது. புதுக் கப்பலிலும் தீப்பிடிக்கலாம். ஆனால் 1960களின் கப்பலுக்கு, அந்நியத் துறைமுகத்தில், பொருந்தும் பாகம் தேடுவது எவ்வளவு தலைவலி என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் மீறி அந்த வகையில் வாங்கிய மூன்று கப்பல்களும் ஒரு பெரிய உதவி செய்தன என்பது என் கணிப்பு. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யத் தெரிந்த ஒரு தலைமுறை மாலுமிகளை அவை உருவாக்கின. அந்த ஆட்கள் இல்லாமல் புதிய கப்பல் வந்திருந்தால் ஓட்ட ஆள் இருந்திருக்காது.

1995 நவீனமயச் சட்டத்துக்கு 2012 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம்தான் இன்றைய கொள்முதல்களுக்கு அடிப்படை. அதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். 2013 முதல் 2017 வரை ஒன்று, 2022 வரை இரண்டாவது, 2028 வரை மூன்றாவது. முதல் கட்டத்தில் நான் நல்ல கொள்முதல் என்று சொல்வது பலர் கவனிக்காத ஒன்று. இந்தோனேசியாவின் பிடி பால் தளம் கட்டிக்கொடுத்த டார்லாக், டவாவோ டெல் சுர் என்ற இரண்டு பெரிய போக்குவரத்துக் கப்பல்கள். 2013-இல் ஹையான் புயலில் 6,000 பேருக்கு மேல் இறந்தபோது, துண்டிக்கப்பட்ட தீவுகளுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுசெல்லப் பெரிய கப்பல் போதவில்லை. 7,641 தீவுகள் உள்ள நாட்டுக்கு இது அடிப்படைத் தேவை. போரே வராவிட்டாலும் இந்தக் கப்பல்கள் ஒவ்வொரு வருடமும் வேலை செய்கின்றன. பள்ளிக்கூடமா கப்பலா என்ற கேள்விக்கு என் பதிலின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

அப்புறம் கொரியக் கப்பல்கள். 2016-இல் ஹூண்டாய் ஹெவி இண்டஸ்ட்ரீஸிடம் ஃபிரிகேட் எனப்படும் நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள் இரண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கப்பலுக்குச் சுமார் 1,600 கோடி பெசோ, ஆயுதங்களுக்குத் தனியாக 200 கோடி. ஹோசே ரிசால் 2020-லும் அந்தோனியோ லூனா 2021-லும் பணியில் சேர்ந்தன. இடையில் ஒரு தகராறு. கப்பலின் மூளை போன்ற போர் மேலாண்மை மென்பொருளாகக் கடற்படை ஐரோப்பியத் தயாரிப்பு ஒன்றை விரும்பியது, கப்பல் கட்டுபவர் கொரியத் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தார். எதிர்த்து நின்ற கடற்படைத் தளபதி ரொனால்ட் மெர்காடோ 2017 டிசம்பரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அதிகாரிகளின் சண்டையாகத் தெரியும். வேலை தெரிந்தவருக்கு இது ஒப்பந்தம் எழுதுவதில் விட்ட ஓட்டை. விலையைக் குறைத்துப் பேசி ஒப்பந்தம் முடித்தால், யார் எதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வைத்திருக்கிறார்கள் என்ற வரியில்தான் கை கடிக்கும். ஏவுகணைகளைச் செங்குத்தாக ஏவும் கூடுகளுக்கும் அப்படித்தான். எட்டுக் கூடுகளுக்கு இடம் விட்டுக் கட்டினார்கள், கூடுகளை மாட்டவில்லை. பணம் இல்லாத நாடுகள் எல்லாம் செய்வதுதான் இது. பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலைப் பிரித்து மாட்டுவது கட்டும்போது மாட்டுவதை விட எப்போதும் அதிகச் செலவு. அதனால் அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும், அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த முடிவை மனதாரப் பாராட்டுகிறேன். 2021 டிசம்பரில் மேலும் இரண்டு பெரிய ஃபிரிகேட்டுகளுக்கும், 2022 ஜூனில் ஆறு ரோந்துக் கப்பல்களுக்கும் அதே தளத்திடம் போனார்கள். முதல் இரண்டையும் சேர்த்தால் பத்துக் கப்பல்கள் ஒரே குடும்பம். இரண்டாவது ஜோடியில் முதலாவதான மிகுவல் மால்வார் 2025 மே மாதம் பணியில் சேர்ந்தது. செங்குத்து ஏவுகூடுகள் இதில் கட்டும்போதே வந்துவிட்டன. ஒரே தளத்தின் கப்பல்கள் என்றால் என்ன லாபம்? பல கப்பல்களுக்கு ஒரே ஸ்பேர் கிடங்கு போதும், ஒரு கப்பலில் பழகிய ஆள் இன்னொன்றில் ஒரு வாரத்தில் கை பழகிவிடுவார், பழுது வரும்போது பதில் சொல்ல ஒரே ஆள் இருக்கிறார். அந்த நிறுவனமே இப்போது சுபிக்கில் பழைய ஹன்ஜின் கப்பல் கட்டும் தளத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அதன் வடக்குப் பகுதியைக் கடற்படை தன் தளமாகப் பயன்படுத்துகிறது. ஒரு காலத்தில் அமெரிக்கக் கப்பல்கள் பழுதுபார்த்த அதே விரிகுடா. உள்நாட்டிலேயே பெரிய ஓவர்ஹால் செய்யும் திறமை அங்கே வளருமா என்பது சந்தேகத்துக்குரிய விஷயம். வளர வேண்டும் என்று விரும்புகிறேன், வளர்ந்துவிட்டது என்று இன்று சொல்ல மாட்டேன்.

வானத்துப் பக்கம் போகலாம். 2014-இல் கொரியாவிடம் 12 எஃப்ஏ-50 விமானங்கள், சுமார் 42 கோடி டாலருக்கு. முதல் இரண்டு 2015 நவம்பரில் வந்திறங்கின. பயிற்சி விமானத்திலிருந்து வளர்ந்த இலகுவான போர் விமானம் இது, ஓட்டுச் செலவு குறைவு. ஆனால் அன்று வாங்கிய வடிவத்தில், பார்வைக்கு அப்பால் உள்ள எதிரி விமானத்தை அடிக்கும் ஏவுகணை கிடையாது. எனவே சீன விமானப்படைக்கு எதிரான ஆயுதம் என்று யாரும் இதை நினைக்கவில்லை. பத்து வருடம் விட்டுப்போன ஜெட் பழக்கத்தை மீட்பதே முதல் நோக்கம். 2017-இல் மராவி நகரச் சண்டையில் இவை உள்நாட்டிலேயே குண்டு போட வேண்டியிருந்தது. அதில் ஒரு குண்டு தவறி விழுந்து சொந்தப் படைவீரர்கள் இருவர் இறந்ததும் நடந்தது. 2025 மார்ச்சில் ஒரு விமானம் புகிட்னோன் மலையில் மோதி விமானிகள் இருவரும் பலியானார்கள். அதே ஜூனில் மேம்பட்ட வடிவத்தில் மேலும் 12 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், சுமார் 70 கோடி டாலர். கப்பல் விஷயத்தில் சொன்ன அதே காரணத்துக்காக இதுவும் எனக்குச் சரியாகப் படுகிறது. பழகிய எஞ்சின், பழகிய ஸ்பேர், பழகிய மெக்கானிக்.

எஃப்-16 கதை வேறு. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு 20 விமானங்களை விற்க அனுமதி தந்தது, மதிப்பீடு 558 கோடி டாலர். உடனே ஒரு விமானம் 28 கோடி டாலரா என்று கணக்குப் போட்டுக் கொதித்தவர்கள் உண்டு. அந்தத் தொகை உச்சவரம்பு. விமானத்தோடு ஏவுகணை, உபரி எஞ்சின், பயிற்சி, பல வருட ஸ்பேர் எல்லாம் அதில் சேரும். வாங்குபவர் குறைத்து வாங்கலாம். விமானத்தின் விலை என்று நாம் நினைப்பது எப்போதுமே பாதிக் கதைதான். நேர்மையான விலைப் பட்டியல் அப்படித்தான் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மலிவாகத் தெரியும் பட்டியலைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஆனால் அனுமதி கிடைப்பது வேறு, வாங்குவது வேறு. 2021-இலும் இதே போல 12 எஃப்-16-க்கு அனுமதி கிடைத்தது, காசு சேராமல் அது அப்படியே நின்றுபோனது.

எதை முதலில் வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் கண் என்றுதான் சொல்வேன். 2020-இல் ஜப்பானின் மித்சுபிஷி எலெக்ட்ரிக்கிடம் நான்கு வான்கண்காணிப்பு ரேடார்கள் வாங்கினார்கள், சுமார் 10 கோடி டாலர். முதலாவது லா யூனியனில் உள்ள வாலஸ் விமானத்தளத்தில் 2023-இல் நிறுவப்பட்டது. ஆயுத ஏற்றுமதி விதிகளை ஜப்பான் 2014-இல் தளர்த்திய பிறகு அங்கிருந்து வெளியே போன முதல் முழுமையான பாதுகாப்புச் சாதனம் அது. முன்னதாக ஜப்பான் ஐந்து டிசி-90 கண்காணிப்பு விமானங்களைக் கொடுத்திருந்தது. சிறிய விமானம்தான், ஆனால் ஸ்கார்பரோ மேல் பறந்து யார் இருக்கிறார்கள் என்று படம் எடுத்துவர அது போதும். எங்கே என்ன நடக்கிறது என்று தெரியாத நாடு எவ்வளவு நல்ல கப்பல் வைத்திருந்தாலும் அதை எங்கே அனுப்புவது?

பிரம்மோஸையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் ஒப்பந்தம், சுமார் 37.5 கோடி டாலர், மூன்று பேட்டரிகள், அதாவது ஏவும் வண்டிகளோடு கூடிய மூன்று ஏவுகணைத் தொகுதிகள். 2024 ஏப்ரலில் இந்திய விமானப்படை விமானத்தில் முதல் தொகுதி போய் இறங்கியது. அதை வைத்திருப்பது கடற்படையின் கீழ் உள்ள, கடலிலிருந்து கரையிறங்கிச் சண்டையிடும் மரைன் படையின் கடலோரப் பாதுகாப்புப் பிரிவு. ஏவும் வண்டி ரோட்டில் நகரும், மரத்தடியில் ஒளியும். கப்பலை விட மிகக் குறைந்த செலவில், கரையிலிருந்து 290 கிலோமீட்டர் தூரத்துக்கு எதிரிக் கப்பல் யோசித்து வர வேண்டிய நிலையை அது உருவாக்குகிறது. ஏழை நாட்டுக்குப் பொருத்தமான தர்க்கம் இது, எதிரியைத் தோற்கடிக்கப் பார்க்காமல் அவன் செலவை ஏற்றுவது. இவ்வளவும் உறுதி. சந்தேகம் எங்கே என்றால், 290 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கப்பல் எது, எங்கே, எந்தத் திசையில் என்று அந்த நேரத்தில் யார் சொல்வார்கள்? பூமியின் வளைவுக்கு அப்பால் தரை ரேடார் கடல்மட்டத்தைப் பார்க்காது. விமானமோ டிரோனோ செயற்கைக்கோளோ வேண்டும். பிலிப்பைன்ஸிடம் இவை குறைவு, அமெரிக்காவிடம் நிறைய. ஆக ஏவுகணை சொந்தமானாலும் கண் கடன் வாங்கியது. அமெரிக்காவோடு செய்த 1951 பாதுகாப்பு ஒப்பந்தம் அமலில் இருக்கும்வரை இது பெரிய பிரச்சினை ஆகாது என்பவர்கள் உண்டு. வாஷிங்டனில் அரசு மாறும்போதெல்லாம் அந்த நம்பிக்கையை மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தினமும் நடப்பது ஏவுகணைச் சண்டை இல்லை. அயுங்கின் திட்டில், அந்த இடத்தைத் தக்கவைக்க 1999-இல் வேண்டுமென்றே தரைதட்ட விட்ட சியர்ரா மாட்ரே என்ற துருப்பிடித்த கப்பலில் ஒரு சிறு மரைன் குழு இருக்கிறது. 1944-இல் கட்டிய கப்பல் அது. அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளைச் சீனக் காவற்படை தண்ணீர் பீய்ச்சியும் இடித்தும் தடுத்தது. 2024 ஜூனில் கத்தியோடும் கோடாரியோடும் நடந்த மோதலில் ஒரு பிலிப்பினோ மாலுமி கட்டைவிரலை இழந்தார். அங்கே பிரம்மோஸ் எதற்கும் உதவாது. உதவுவது பெரிய, உறுதியான, வெள்ளை வண்ணம் பூசிய காவற்படைக் கப்பல். ஜப்பான் கடனுதவியில் 2022-இல் வந்த 97 மீட்டர் நீளமுள்ள இரண்டு கப்பல்கள் அந்த வேலையில்தான் தேய்கின்றன. மேலும் ஐந்து வரவிருக்கின்றன. என் கையில் பட்ஜெட் இருந்தால் எஃப்-16-க்கு முன்னால் இவற்றுக்குத்தான் காசு ஒதுக்குவேன்.

குறையாக நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய சரக்கு. பிரேசிலின் சூப்பர் துக்கானோ, துருக்கியின் தாக்குதல் ஹெலிகாப்டர், போலந்தில் செய்த பிளாக் ஹாக், இஸ்ரேலின் வேகப் படகும் வான்காப்பு ஏவுகணையும், ஸ்பெயினின் சரக்கு விமானம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல பொருள்தான், ஒருவர் கையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும் சுதந்திரமும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவிப்பெட்டி, ஒரு மொழியில் கையேடு, ஒரு பயிற்சிப் பள்ளி. ஸ்பேர் ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் காலத்தில் ஒரு ஹெலிகாப்டரைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்டுவார்கள். எங்கள் தொழிலில் இது தொடங்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம், கடைசியில் இரண்டும் நிற்கும். 2021 ஜூலையில் ஹோலோ தீவில் ஓடுபாதையைத் தாண்டிப் போன சி-130 போக்குவரத்து விமான விபத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விமானம் நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பொருள் வந்த நாளும் படை தயாராகும் நாளும் ஒன்று கிடையாது.

இரண்டாவது பணத்தின் தொடர்ச்சி. 2024 ஜனவரியில் மூன்றாம் கட்டத்தைத் திருத்தி, பத்தாண்டில் சுமார் 2 லட்சம் கோடி பெசோ செலவிடும் திட்டத்துக்கு அதிபர் மார்கோஸ் ஜூனியர் ஒப்புதல் தந்தார், ஏறத்தாழ 3,500 கோடி டாலர். ஒப்புதல் இருக்கிறது, ஆண்டுதோறும் அந்த அளவுக்குப் பணம் கிடைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் அதிகம். ஒரு காரணம் ஓய்வூதியம். அங்கே படைவீரர் பணியில் இருக்கும்போது ஓய்வூதியத்துக்குப் பங்களிப்பதில்லை, ஓய்வுபெற்றவரின் தொகையோ இன்று பணியில் இருப்பவரின் சம்பளத்தோடு சேர்ந்து உயர்கிறது. 2018-இல் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியபோது அந்தச் சுமையும் எகிறியது. 2023-இல் சீர்திருத்தம் பேசினார்கள், எதிர்ப்பு வந்து நின்றுவிட்டது. வீரர்களுக்கு நியாயமானது கிடைக்க வேண்டும், அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்காமல் கப்பல் கணக்கைப் பேச முடியாது.

பள்ளிக்கூடம் பற்றிய மீதிப் பாதிப் பதில். மலாம்பாயாவின் எரிவாயு லூசோன் தீவின் மின்சாரத்தில் பெரும்பங்கைப் பல ஆண்டுகள் தந்தது, அந்த வயல் இப்போது வற்றி வருகிறது. அடுத்த எரிவாயு ரீட் திட்டில் இருக்கலாம் என்பது எதிர்பார்ப்பு, அங்கே துளையிடப் போகவே வழியில்லை. ஸ்கார்பரோவில் தலைமுறையாக மீன்பிடித்த சம்பாலேஸ், பங்காசினான் மாகாண மீனவர்கள் வெறும் வலையோடு திரும்பி வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேண்டியவர்கள்தான். கடலை விட்டுக்கொடுத்து மிச்சம் பிடிக்கும் பணம், வேறு வழியில் செலவாகிவிடும். ஆனால் பெருமைக்காக வாங்கும் பொருளுக்கு இந்த வாதம் பொருந்தாது. அந்த இடத்தில் நான் நண்பர் பக்கம்.

கடைசியாக நீர்மூழ்கி. பிரான்ஸும் கொரியாவும் விற்கத் தயாராக இருக்கின்றன, கடற்படைக்கும் ஆசை. இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று கடலில் இருக்க வேண்டுமென்றால் ஒன்று ஓவர்ஹாலில், ஒன்று பயிற்சியில் என்று குறைந்தது மூன்று வேண்டும். தனித் தளம், பேட்டரிப் பட்டறை, தப்பிக்கும் பயிற்சிக் கோபுரம், மீட்புக் கப்பல் எல்லாம் வேண்டும். பல பத்தாண்டு நீர்மூழ்கி அனுபவம் உள்ள இந்தோனேசியா 2021 ஏப்ரலில் நங்காலா கப்பலை 53 பேரோடு இழந்தது. மீட்புக்குச் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா எல்லாம் உதவிக்கு விரைந்தும் காப்பாற்ற முடியவில்லை. 2017-இல் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் 44 பேரோடு மூழ்கியது. மேற்பரப்புக் கப்பலில் பராமரிப்புக்குப் பணம் ஒரு வருடம் வரவில்லை என்றால் கப்பல் துறைமுகத்தில் நிற்கும், மாலுமி வீட்டுக்குப் போவார். நீர்மூழ்கியில் அந்தச் சலுகை கிடையாது. முதலில் அந்தப் பத்துக் கொரியக் கப்பல்களும் ஐந்து வருடம் அட்டவணை தவறாமல் டிரை டாக் ஏறி இறங்கட்டும். அதற்கான பணத்தை நாடாளுமன்றம் ஒவ்வொரு வருடமும் கேட்காமலே தரட்டும். அதற்குப் பிறகு நீர்மூழ்கியைப் பற்றிப் பேசினால் நானே ஆதரித்து எழுதுவேன்.